மூன்று முறை அழித்த பதில்

கார்ஹிங் போகும் ரயிலில் எதிரே அமர்ந்திருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கலாம். சுருள்முடி, தோளுக்குப் பெரிதான குளிர்ச்சட்டை, கழுத்தில் சின்னச் சிலுவை. நீலகிரியின் இருளர் வீட்டுப் பெண். இந்த அயல்நாட்டில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை. வாராவாரம் தன் மொழியில் இயேசுவைப் பற்றி வீடியோ செய்து, மலையின் இளையவர்களுக்காக இன்ஸ்டாகிராமில் போடுகிறாளாம். கேள்விகளுக்குக் குரலில்தான் பதில். பேசியதைக் கண்மூடித் தானே ஒருமுறை கேட்டபிறகே அனுப்புவாள்.

அன்று, ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு இருள மாணவி கேட்டிருந்தாள்: ஜெபத்துக்கு வந்தால் நம் திருவிழாவில் ஆடக்கூடாதா அக்கா?

மூன்று முறை பேசி, மூன்று முறையும் அழித்தாள்.

“எங்க ஊழிய டீம் கூடாதுன்னு சொல்லச் சொல்லுது. நீங்க என்ன சொல்வீங்க அண்ணா?”

“நான் முருகன் கோயில் ஆள். என்னட்டைப் போய்க் கேக்கிறியளே தங்கச்சி?”

“அதான் கேக்கறேன். நீங்க டீம்ல இல்லையே!”

சிரிப்பு பாதியில் நின்றது. “ஆடச் சொன்னா அந்த வீடியோ பேஜை என்கிட்டேருந்து வாங்கிடுவாங்க.”

வெளியே வயல்கள் ஓடின, ஓடிக்கொண்டே இருந்தன. அவள் போனை வாயருகே கொண்டுபோய் மெல்லப் பேசினாள். கண்மூடி முழுவதும் கேட்டாள். அனுப்பினாள்.

“என்ன சொன்னியள்?”

“பயப்படாம ஆடிட்டு வான்னேன். எங்க மேளமும் கர்த்தருக்குக் கேக்கும்னேன்.”

டீமிலிருந்து அழைப்பு வருமுன் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

அவள் இறங்கிப்போனாள். பெயரைக்கூடக் கேட்காமல் விட்டேன். இத்தனை அச்சத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, இன்னொருத்தியின் அச்சத்தை அவள் எப்படிப் போக்கினாள்?