டிரம்மில் ஓடிய எஞ்சின்

சென்ற செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணி இருபது நிமிடம். சிறு தூறல், மேற்கே கருமேகம். ராஜாக்கமங்கலம் கடற்கரையில் குடையோடு நின்றிருந்தேன். என் தம்பி சூசையின் வள்ளம் அலையைத் தாண்டிவிட்டது. எஞ்சின் சத்தம் கேட்கிறது... கேட்கிறது... நின்றுவிட்டது.

ஸ்டார்ட் பண்ணக் கயிற்றை இழுக்கிறான். இருபத்தேழு இழுப்பு வரை எண்ணினேன். பிறகு மழையில் வள்ளமே தெரியவில்லை. கடைசியில் வேறொரு வள்ளம் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது.

ஒரே மாதத்தில் மூன்றாவது தடவை!

பழைய எஞ்சின்தான். ஆனால் கணவாய் மீன் சீசனில் இது ஓடாவிட்டால் சூசை என்ன செய்வான்? ஐம்பத்தெட்டு வயதில் கொல்லத்துக்குப் போய், அடுத்தவன் போட்டில் கூலிக்கு நிற்க வேண்டும். இத்தனை வருஷம் சொந்த வள்ளம் ஓட்டியவன்.

முதல் இரண்டு தடவையும் குளச்சலிலிருந்து மெக்கானிக் வந்தார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பிளக் கரி பிடித்திருக்கிறது, மண்ணெண்ணெய் மோசம் என்று ஒவ்வொரு தடவையும் இரண்டு புதுசு போட்டார். தண்ணீர் நிரப்பிய டிரம்மில் எஞ்சினை இறக்கி, தன் கேனிலிருந்தே எரிபொருள் கொடுத்து, ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக் காதைச் சாய்த்தார். அடடா, என்ன ஓட்டம்!

“சாரே, பாட்டுல்லா படிக்குது! கேட்டியளா?”

“டிரம்முல படிக்கும்வோய். கடல்ல எறக்குனா ஊமையாயிருது” என்றான் சூசை.

“அப்பம் கடலைத்தான் டியூன் பண்ணணும். அதுக்கு எங்கிட்ட ஸ்பேனர் இல்ல மக்கா.”

நான் சிரிக்கவில்லை. பில் என் கையில் இருந்தது.

செவ்வாய்க்கிழமைக் கூத்துக்குப் பிறகு, கூடப் போகும் இரண்டு பேரும் வேறு வள்ளத்தில் ஏறிவிட்டார்கள். குற்றம் சொல்ல முடியுமா? அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டாமா? புதன்கிழமை சூசை கொல்லத்துக்குப் போன் செய்தான். முன்பணமும் வந்துவிட்டது.

வியாழன் சாயங்காலம் பை அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் மனைவி பிலோமி என்னிடம் அழுதாள்.

“நான் ஒரு குறையும் வைக்கலியே அத்தான்! கேன்ல மண்ணெண்ணெய் கலக்கும்போ, பழைய எஞ்சினாச்சேன்னு ஆயிலு ஒரு கப்பு கூடத்தானே ஊத்திக் குடுத்தேன்?”

சூசை மடித்துக்கொண்டிருந்த லுங்கியைக் கீழே வைத்தான்.

“ஏட்டி, நீயும் ஊத்துனியா?”

“நீயும்னா?”

“நான் கரையில வச்சு ஒரு கப்பு ஊத்துவேன்...”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஏன் என்னைப் பார்க்க வேண்டும்? கேனை ஸ்கூட்டரில் வைத்துக் கடற்கரைக்குக் கொண்டுபோவது நான்தானே! ஆமாம்... நானும்தான். வழியில் வண்டியை நிறுத்தி, ஒரு கப்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டு, மூன்று கப் கணக்கைச் சொன்னேன்.

“மூணு பேருமா? அதான் டிரம்முல எங் கேனுக்குப் படிச்சுது. அம்புட்டு ஆயிலுக்குப் பிளக்கு கரி பிடிக்காம பின்ன என்ன செய்யும் சாரே? அதுக்கு மூச்சு முட்டிப் போச்சு.”

பயந்தவர்கள் மூன்று பேர் ஒரு வீட்டில் இருந்தால் இப்படித்தான். யாரும் யாரிடமும் சொல்லாமல் ஒரே காரியத்தைச் செய்வோம். கேட்டால், அக்கறை என்போம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பிளக்கைத் துடைத்து, ஆயிலை அளந்து கலந்து, சூசையும் நானும் மட்டும் வள்ளத்தில் போனோம். ஒரு மணி நேரம். எஞ்சின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. நின்று தொலைத்திருக்கலாம்... போகிறவன் மனசுக்காவது ஆறுதலாக இருந்திருக்கும்.

“இருந்துருலே” என்றேன்.

“முன்பணம் வாங்கிச் செலவும் பண்ணியாச்சுண்ணே. கூட வாறதுக்கு ஆளும் இல்ல. நீ வந்து பின்னால அமரம் பிடிச்சு வள்ளம் ஓட்டுவியா?”

எஞ்சினைக் கழற்றித் தார்ப்பாயால் மூடி வைத்தான். மத்தியான பஸ்ஸில் ஏறிவிட்டான்.

ரிப்பேர் இரண்டு, பிளக் நாலு, நான் கூடுதலாக ஊற்றிய ஆயில், கொல்லத்துக்கு ஒரு பஸ் டிக்கெட் — ஆக மொத்தம் பதினோராயிரத்து நானூற்று முப்பது ரூபாய்.