மாயாண்டி அண்ணன் சிரித்துக்கொண்டே இருந்தார்

மாயாண்டி அண்ணன் இன்று காலை போய்விட்டார். காளவாசல் வீட்டிலிருந்து அவர் மகள் பூங்கொடி போன் செய்து சொன்னாள்.

நேற்று இரவே வாட்ஸ்அப் குரூப்பில் ஓடிய செய்தி தவறு. நேற்று இரவு அவர் ரசம் சாதம் சாப்பிட்டிருக்கிறார்.

அவரைத் தெரியாதவர்களுக்கு: எண்பதுகளில் நான் மதுரையில் ஒரு பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்தபோது, அச்சு மெஷின் பிரிவுக்கு அவர்தான் ஃபோர்மேன். செக்கானூரணிப் பக்கத்து விவசாயக் குடும்பம். பெரிய உருவம், அதைவிடப் பெரிய சிரிப்பு.

வருடக்கணக்கில் ரோட்டரி மெஷின் பக்கத்திலேயே நின்று காது போய்விட்டது. நேருக்கு நேர் பேசினால் உதட்டைப் பார்த்தே பதில் சொல்லிவிடுவார். முதுகுப் பக்கமிருந்து கூப்பிட்டால்... ஒன்றும் இல்லை.

எங்களில் சிலருக்கு மட்டும் இது தெரியும். மேனேஜருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். மெஷின் ஓடத் தொடங்கும் முன் பெல் அடிப்பார்கள். அது காதில் விழாதவர் அங்கே நிற்கக் கூடாது. அதற்கு முன் ஒருவரை அப்படித்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

அதில் நியாயம் இல்லை என்றும் சொல்ல முடியாது. பெல் அடிக்கும்போதெல்லாம் அவர் கை எங்கே இருக்கிறது என்று என் கண் தேடும்.

அப்போது டிவியில் வாரம் ஒரு காமெடி நாடகம் வந்தது. அதில் காது கேளாத மாமனார் ஒருவர். அவர் வாயைத் திறந்தாலே ஊர் சிரிக்கும்.

எங்கள் ஆபீஸ் டெலிபிரிண்டர் ஆபரேட்டரின் வீடு கோரிப்பாளையத்தில். டிவி இருந்தது அங்கேதான். அவர் மனைவி மும்தாஜ் அக்கா எல்லோரையும் உட்காரவைத்து டீ கொடுப்பார்.

"வாங்கண்ணே, செவிட்டு மாமா இன்னிக்கி என்ன கூத்துப் பண்றாருன்னு பாப்போம்" என்று மாயாண்டி அண்ணனிடமே சொல்லுவார். அக்காவுக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

அண்ணன் எப்போதும் பக்கவாட்டுச் சுவரில் சாய்ந்துதான் உட்காருவார். அங்கிருந்து டிவியும் தெரியும், எங்கள் முகமும் தெரியும். நாங்கள் சிரித்தால், ஒரு நொடி பிந்தி அவரும் சிரிப்பார். நான் பக்கத்திலேயே உட்காருவதால் எனக்குத் தெரிந்தது.

ஒருநாள் மேனேஜரும் வந்துவிட்டார். பக்கத்துத் தெருவுக்கு ஏதோ விசேஷத்துக்கு வந்தவர்.

"இங்கன உக்காருங்க சார்" என்று தன் இடத்தைக் கொடுத்துவிட்டு, அண்ணன் டிவிக்கு நேர் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார். இப்போது நாங்களெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால்.

நாடகத்தில் ஒரு திருடன் கத்தியைக் காட்டி மிரட்டுகிறான். மாமனார் அவனை விருந்தாளி என்று நினைத்து, நாற்காலி போட்டு, விசிறியும் எடுத்து வீசுகிறார்.

அந்த இடத்தில் சவுண்டு போய்விட்டது. படம் மட்டும் ஓடியது.

"போச்சா..." என்றார் ஒருவர். அடுத்த நொடி எல்லோர் கண்ணும் டிவியை விட்டு அண்ணன் முதுகுக்குப் போனது.

ஏனென்றால் மாயாண்டி அண்ணன் சிரித்துக்கொண்டே இருந்தார். தொடையைத் தட்டி, குலுங்கிக் குலுங்கி... அந்த அறையில் அவர் சத்தம் மட்டும்தான்.

மேனேஜர் முன்னால் குனிந்தார். "மாயாண்டி" என்று கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். முதுகு அசையவில்லை.

வாசற்படியில் மும்தாஜ் அக்கா டீத் தட்டோடு நின்றார். மேனேஜரின் முகத்தைப் பார்த்தார். அண்ணன் முதுகைப் பார்த்தார்.

பிறகு அக்காவும் சிரிக்க ஆரம்பித்தார். "யா அல்லா, திருடனுக்குப் போயி விசிறி விடுறாரு பாரு..."

அவர் கணவர் சிரித்தார். நான் சிரித்தேன். ஒவ்வொருவராக அறை முழுவதும் சிரித்தது. சவுண்டு எப்போது திரும்பி வந்தது என்று யாரும் கவனிக்கவில்லை.

மேனேஜர் சிரிக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் மெஷின் ரூமுக்கு அவர் வருகிறார் என்றதும் நானும் கீழே ஓடினேன். மேனேஜரோடு எலக்ட்ரீஷியனும் வந்திருந்தார். அண்ணன் கையில் துடைக்கும் துணியோடு நிமிர்ந்தார்.

மேனேஜர் சுவரைக் காட்டினார். "பெல் அடிக்கிறப்ப இங்க ஒரு சிவப்பு பல்பும் எரியணும். இந்த இரைச்சல்ல பெல்லு யாருக்கும் கேக்கல."

எலக்ட்ரீஷியனுக்கு இட்ட உத்தரவுதான். ஆனால் அண்ணன் முகத்தைப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

அண்ணன் ரிட்டயர் ஆகும்வரை அந்த மெஷினில்தான் இருந்தார்.

ரொம்ப வருடம் கழித்து டீக்கடையில் கேட்டார். "அன்னிக்கி சவுண்டு போயிருச்சுல்ல மாப்ள?"

"எப்பண்ணே தெரிஞ்சுச்சு?"

"திரும்பிப் பாத்தேன்ல. அம்புட்டுப் பேரும் டிவிய விட்டுட்டு என்னையப் பாத்துச் சிரிக்கிறீக. நீ அழுகுற மூஞ்சிய வச்சுக்கிட்டு சிரிக்கிற. உனக்கெல்லாம் நடிப்பு வராது மாப்ள... ஒங்க அக்காவுக்குத்தான் வந்துச்சு."

மும்தாஜ் அக்கா இப்போது திருச்சியில் மகன் வீட்டில் இருக்கிறார். கணவர் இறந்து சில வருடம் ஆகிறது. செய்தி கேட்டதும் பேரனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். துவரங்குறிச்சி தாண்டியாச்சு என்று பேரன் சொன்னான். அதன் பிறகு போன் போகவில்லை.

நாலு மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு. பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்படுத்துகிறார்கள்.

"மும்தாஜ் அத்தை வராம எப்படி சித்தப்பா? அஞ்சு மணி வரைக்கும் நிப்பாட்டி வைக்கிறேன்" என்கிறாள் பூங்கொடி. அதற்கு மேல் அவளால் முடியாது.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டுதான் இதை எழுதுகிறேன். திருச்சி பஸ் ஒன்று வந்தது. அதில் இல்லை. அடுத்தது நாலு மணிக்குள் வந்துவிடும் என்கிறார்கள். காளவாசல் டிராஃபிக் வேறு இருக்கிறது...

கொஞ்சம் பொறுங்கண்ணே. அக்கா வந்துரட்டும்.