அன்புச்செல்வி வாயில் வராத பெயர்

அன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியபோது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அன்புச்செல்வி. பல்லியைக் கண்டால் பயம், இடி இடித்தால் பயம். எல்லாவற்றையும்விட, புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறைந்துவிடும் என்று பயம். ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னைத் திரும்பிப் பார்ப்பாள். நான்தான் "ராசப்பன்" என்று சொல்ல வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூற்றைந்தில் அவளுக்கு லோஜ்பான் பைத்தியம் பிடித்தது. எந்த வாக்கியத்தையும் ஒரே விதமாகத்தான் பிரித்துப் படிக்க முடியும் என்று அமெரிக்காவில் சிலர் உட்கார்ந்து செய்த மொழி. ஏதோ ஒரு பத்திரிகையில் விலாசம் பார்த்து எழுதிப்போட்டாள், தபாலில் பாடம் வந்தது. வேலையற்ற வேலை என்று திட்டிப் பார்த்தேன், கேட்டால்தானே.

ஒரு நாள் மேற்கோள் பாடம் வந்தது. அடுத்தவர் பேச்சை எடுத்துச் சொல்ல 'லு' என்று தொடங்கி 'லிஹு' என்று முடிக்க வேண்டுமாம். யார் பேச்சு எங்கே முடிகிறது என்ற குழப்பமே கிடையாது. ஒரே சொல்லானால் முன்னால் 'ஸோ' போட்டால் போதும். அப்போது அது வெறும் சொல், ஆளைக் குறிக்காது.

"அப்ப ஸோ போட்டுச் சொன்னா, அவரைச் சொன்னதா ஆகாதுங்களாக்கா?"

"எனக்கென்ன அம்மணி தெரியும்? அவங்களையே கேளு."

கேட்டாள். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஆகாது. ஆனால் ஸோ தனக்கு அடுத்த ஒரு சொல்லை மட்டும்தான் பிடிக்கும், இரண்டாவது சொல் வெளியே போய்விடும் என்று எழுதியிருந்தார்கள். நல்லவேளை, அவள் புருஷன் பெயர் ஒரே சொல். அன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டு, "ஸோ ராசப்பன்" என்றாள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் முதல் தடவை. முகமெல்லாம் வேர்த்துப்போயிற்று. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

மறு வருஷம் ஆடியில் ராசப்பன் வால்பாறை எஸ்டேட் ஒன்றுக்குத் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்க்கப் போயிருந்தார். காலை பஸ்ஸில் ஊருக்குத் திரும்புவதாகச் சொல்லியிருந்தார். அந்த பஸ் கொண்டை ஊசி வளைவில் உருண்டுவிட்டதென்று மத்தியானம் கீழே டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். நான் மூச்சிரைக்க மாடியேறினேன். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, அவள் அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டிருந்தாள்.

"பேர் சொல்லுங்கம்மா" என்று கேட்டது எனக்கே காதில் விழுந்தது.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். ரிசீவரை வாங்கி நான் சொல்லியிருக்கலாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"ஸோ ராசப்பன்" என்றாள், நாக்குக் குழற.

"ஒண்ணும் புரியலீங்கம்மா. தெளிவாச் சொல்லுங்க. இங்க கூட்டம் நிக்குது."

கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "ராசப்பனுங்க. என்ற ஊட்டுக்காரருங்க."

காகிதம் புரளும் சத்தம். "காயம்பட்டவங்கள்ல இல்லீங்க." குரல் தணிந்தது. "இன்னொரு லிஸ்ட் இருக்குதுங்க. பாக்கட்டுங்களா?"

என்ன லிஸ்ட் என்று அவளுக்குத் தெரியும்.

"பாருங்க."

"பேர் என்னன்னீங்க?"

"ராசப்பன்."

மறுபடி காகிதம்.

"அதுலயும் இல்லீங்கம்மா."

சாயங்காலம் ஆறரை மணிக்கு ராசப்பன் கிரீஸ் கறையோடு படியேறி வந்து நின்றார். மோட்டார் வேலை முடியாமல் அந்த பஸ்ஸை விட்டுவிட்டாராம். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அன்புச்செல்வி அழவில்லை. என் கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துப்போனாள்.

"அக்கா, ரெண்டுவாட்டி ஸோ போடாம வெறும் வாயில பேரைச் சொல்லிப்போட்டேன். அவருகிட்ட சொல்லிப்போடாதீங்க."

எப்போதும்போல் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கேட்டாள்.

"அவருக்கு எத்தனை நாள் கொறைஞ்சிருக்குமுங்கக்கா?"