இதரைச் சீப்பும் ஆறு கிழமை வேலையும்

பெரியப்பாவின் மடியில் ஒரு பனையோலைப் பை. அதற்குள் ஒரு சீப்பு இதரை வாழைப்பழம். பஸ் குலுங்கும் போதெல்லாம் பழம் நசிந்துவிடாமல் இரண்டு கையாலும் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தார். முதலில் தேவாரம் என்று நினைத்தேன். பிறகு காதைக் கொடுத்துக் கேட்டால் என்னைப் பற்றிய பேச்சு. "என்ரை தம்பியின்ரை பிள்ளை கெட்டிக்காரி. ஒரு ஆறு கிழமைக்கு உங்கடை கந்தோரிலை வேலை பழக விடுங்கோ." இதைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் சொன்னார். பஸ் மாறி அளவெட்டிக்குப் போகும் வழியிலும் சொன்னார். பாய்க்கப்பல் ஓட்டிய காலத்தில் எத்தனையோ துறைமுகத்தில் சுங்க அதிகாரிகளோடு மல்லுக்கட்டிய தண்டையல் அவர். அந்த மனிசன் ஓர் இஞ்சினியர் பொடியனிடம் கதைப்பதற்கு இப்படிப் பாடமாக்கிக்கொண்டு வந்ததை நினைக்க எனக்கு இப்போதும் நெஞ்சு கரைகிறது.

எழுபதுகளின் பிற்பாதி. நான் தொழிற்கல்லூரி ஒன்றில் கட்டடப் படம் வரையப் படித்துக்கொண்டிருந்தேன். பெரிய விடுமுறையில் ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், எங்காவது ஒரு கந்தோரில் வேலை பழகி, அங்கே இருக்கும் இஞ்சினியரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தால்தான் கடைசிச் சோதனைக்கு இருக்கலாம். இடம் பிடித்துத் தர மாட்டார்கள். "நீங்களே தேடிக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டு வகுப்பை மூடிவிட்டார்கள். பொடியன்களுக்கு அது ஒரு விளையாட்டு. சைக்கிளை எடுத்தால் ஆளுக்கொரு மாமன், ஆளுக்கொரு கந்தோர். எனக்கு அப்பா சரக்குக் கப்பலில். எந்தக் கடலில் என்று வீட்டில் யாருக்கும் நிச்சயமில்லை. எங்கள் பகுதியில் கடலை அறிந்தவர்கள் நிறையப் பேர். கந்தோரை அறிந்தவர் ஒருவருமில்லை.

ஆகவே நானே போய்ப் பார்த்தேன். வெயிலில் ஏறி இறங்கிய படிகளை நினைத்தால் இப்போதும் முழங்கால் நோகிறது. ஓரிடத்தில் "அடுத்த கிழமை வாங்கோ பிள்ளை" என்றார்கள். அடுத்த கிழமை போனால் அதற்கடுத்த கிழமை. இன்னோரிடத்தில் "பாப்பம்" என்றார்கள். பாப்பம் என்றால் இல்லை என்றுதான் அர்த்தம் என்று இந்தக் குடாநாட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். மிச்ச இடங்களிலெல்லாம் ஒரே காரணம்: "இஞ்சை பொம்பிளையளுக்குக் கக்கூஸ் இல்லைப் பிள்ளை." ஊரெல்லாம் கட்டடம் கட்டுகிறவர்களுக்குத் தங்கள் கந்தோரில் ஒரு கக்கூஸ் கட்ட ஏலாமல் போய்விட்டது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வீட்டுக்கு வந்து பாயில் விழுவேன். அம்மா பேசிப் பேசி அலுத்துப் போனார். கடைசியில் ஒரு நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே, "இந்த முறை இடம் கிடையாட்டில் படிச்சது காணும். அப்பா வந்ததும் ஒரு இடத்திலை பேசி முடிப்பம்" என்றார். அம்மா கோபத்தில் சொல்லவில்லை. முடிவாகவே சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் பெரியப்பா உள்ளே நுழைந்தார். "தனிய ஒரு பெட்டை போய் வாசல்லை நிண்டால் ஆர் மதிப்பினம்? முறையாய்ப் போகோணும்" என்றார். யாரிடமோ விசாரித்து, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட ஒரு கட்டட ஒப்பந்தக்காரரின் கந்தோர் இருக்கிறது, அங்கே இருக்கிற இஞ்சினியர் அளவெட்டிப் பொடியன், நல்ல மாதிரி என்று அறிந்துகொண்டு வந்தார். கந்தோருக்குப் போகக் கூடாது, வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்றார். நல்ல நாள் பார்த்தார். இராகு காலத்தைத் தள்ளினார். வெறுங்கையோடு ஒரு வீட்டுப் படி ஏறக் கூடாது என்று பழம் வாங்கினார். கரைவேட்டியும் சால்வையும் உடுத்தார். அம்மா தன் பங்குக்கு எனக்குச் சேலை கட்டி, தலையில் பூவும் வைத்துவிட்டார். நான் வரைந்த படங்களைச் சுருட்டி எடுத்தேன். "உதேன் இப்ப?" என்று பெரியப்பா அதை வீட்டில் வைக்கச் சொன்னார். இந்த வேடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இஞ்சினியர் வீட்டு வாசலில் போய் நின்றோம். எங்களைப் பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஓடவில்லை. எனக்குந்தான்.

இஞ்சினியர் வீட்டில் இல்லை. ஊர்க் கோயிலில் திருவிழா, அங்கே போயிருந்தார். நாதஸ்வரம் வயல் தாண்டிக் கேட்டுக்கொண்டிருந்தது. அவருடைய தாய் எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்து, "வாங்கோ, இருங்கோ, மகன் இப்ப வந்திடுவான்" என்று கதிரை போட்டார். பழத்தைச் சிரித்த முகத்தோடு வாங்கி மேசையில் வைத்தார். தேத்தண்ணி வந்தது. பெரியப்பா வந்த விஷயத்தைச் சொல்லவில்லை. வந்ததும் வராததுமாய்க் கேட்பது கடன் கேட்கிறவன் வேலை என்பது அவருடைய எண்ணம். முதலில் மழையைப் பற்றிக் கதைத்தார். வெங்காயத்தைப் பற்றிக் கதைத்தார். பிறகு மெல்ல மகனைப் பற்றி விசாரித்தார். தம்பி எவ்விடத்தில் படித்தவர், இந்த வேலையில் எத்தனை காலம், கையின் கீழே எத்தனை பேர், கோபக்காரரோ, குடிவெறி ஒன்றும் இல்லைத்தானே? தம்பியின் பிள்ளையை ஆறு கிழமை ஒருவனுடைய கந்தோரில் விடப் போகிற மனிசன் வேறு எதைக் கேட்பார்! அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் பெருமையாகப் பதில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "பிள்ளைக்கு வீட்டு வேலையள் தெரியுமோ?" என்று கேட்டார். கந்தோரில் தேத்தண்ணியும் போடச் சொல்வார்களாக்கும் என்று நினைத்து, "ஓம், தெரியும்" என்றேன். இதை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்ட வேண்டும் போலிருக்கிறது.

"சாதகம் கொண்டு வந்தனீங்களோ?" என்று அவர் கேட்ட பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் வாய் திறந்தபடி இருந்தார். அவர் ஏதும் சொல்லுமுன் அந்த அம்மா அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டார். "எவடம் நீங்கள்?" பருத்தித்துறை என்றார் பெரியப்பா. "பருத்தித்துறையிலை எவடம்?" பெரியப்பா கடற்கரையோரம் எங்கள் இடத்தைச் சொன்னார். தன் வீட்டின் பெயரையும், தான் தண்டையலாக இருந்ததையும், வழக்கம் போல நிமிர்ந்து சொன்னார். உள்ளேயிருந்து ஒரு பெண் பலகாரத் தட்டோடு பாதி தூரம் வந்திருந்தாள். அந்த அம்மா கண்ணால் ஒரு சாடை காட்ட, தட்டு வந்த வழியே திரும்பிப் போனது. "குறை நினையாதேங்கோ ஐயா, நாங்கள் தூர இடத்திலை செய்யிறேல்லை" என்றார். குரலில் ஒரு கடுமையும் இல்லை. அவர் சொன்ன தூரம் பஸ் ஓடும் தூரமல்ல. எழும்பி, மேசையிலிருந்த பழப் பையை எடுத்துக்கொண்டு வந்து பெரியப்பாவின் காலடியில் வைத்தார்.

கேட்காத சம்பந்தத்துக்கு மறுப்பு வாங்கிக்கொண்டு நாங்கள் இருந்தோம். "நாங்கள் அதுக்கு வரேல்லை" என்று நான் வாயெடுத்தேன். பெரியப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். ஏன் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. அவர்கள் இல்லை என்று சொன்ன பிறகு, நாங்கள் அதற்கு வரவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? மானத்தைக் காக்கப் பொய் சொல்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். பெரியப்பா மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். கோப்பையை மெல்ல வைத்தார். "அப்ப நாங்கள் போட்டு வாறம்" என்று கும்பிட்டார். பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். பாடமாக்கிக்கொண்டு வந்த வசனத்தில் ஒரு சொல்லையும் அவர் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்து பஸ் நிலையத்தில் எனக்குப் பசி தாங்கவில்லை. இரண்டு பழம் உரித்துத் தின்றேன். பெரியப்பாவுக்கும் நீட்டினேன். அவர் தொடவில்லை. பஸ் பாதி தூரம் வந்த பிறகு, "பெரியப்பா, நான் நாளைக்கு அந்த இஞ்சினியரின்ரை கந்தோருக்குப் போகப் போறன்" என்றேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டே, "உனக்கு ரோசம் எண்டு ஒண்டு இல்லையோ?" என்றார். "ரோசம் இருக்குது. சோதனையும் இருக்குது" என்றேன். வாய்க்கொழுப்புத்தான். ஆனால் எனக்கு வேறு இடம் இல்லை, வேறு நாளும் இல்லை. இறங்கும்போது அவர், "உன்ரை கீறின படங்களைக் கொண்டு போ. நான்தான் விசரன் மாதிரி வேண்டாமெண்டனான்" என்றார்.

மறுநாள் பாவாடை சட்டையோடு, பூவில்லாமல், பழமில்லாமல் போனேன். "வெறுங்கையோடையோ?" என்று அம்மா கேட்டார். பத்திரிகைத் தாளில் சுருட்டிய என் படங்கள் கையில் இருந்தன. இஞ்சினியர் என்னை யாரென்று அறியார். நான் நின்றபடியே சொன்னேன்: "நேற்று உங்கடை வீட்டுக்கு வந்தது நாங்கள்தான். கலியாணம் பேச வரேல்லை. ஆறு கிழமை வேலை பழக இடம் கேட்டு வந்தனாங்கள்." அவர் முகம் சிவந்து போய்விட்டது. "அம்மா சொன்னவ, ஆரோ வந்திட்டுப் போனதெண்டு" என்று மேசையைப் பார்த்துச் சொன்னார். கொஞ்ச நேரம் பேனையை மூடித் திறந்துகொண்டிருந்தார். படங்களை விரித்துப் பார்த்தார். ஒரு படிக்கட்டின் வெட்டுமுகத்தில் பிழை கண்டுபிடித்தார். பிறகு, "ஏன் நேரை இஞ்சை வரேல்லை?" என்று கேட்டார். "நேரை போன இடமெல்லாம் கக்கூஸ் இல்லை எண்டினம்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இஞ்சையும் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டுப் பாப்பம்" என்று அப்போதே எழும்பிப் போனார். அந்த ஒரு பாப்பம் மட்டும் உண்மையான பாப்பம்.

முதல் நாள் பெரியப்பா என்னோடு வந்தார். எதிர்ப்பக்கத்துத் தேத்தண்ணிக் கடை வரைக்கும் வந்தவர், தெருவைக் கடக்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். கடைசி நாளும் அங்கேயே வந்து நின்றார். கையெழுத்து வாங்கியதும் இஞ்சினியரே வெளியே போய், "ஐயா, உள்ளை வாங்கோ, ஒரு தேத்தண்ணி குடிப்பம்" என்று கூப்பிட்டார். "இல்லைத் தம்பி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார் பெரியப்பா. அந்த நேரத்தில் பஸ் ஒன்றும் கிடையாது. நாங்கள் வெயிலில் கனநேரம் நின்றோம். நான் சோதனை எழுதினேன், வேலையும் எடுத்தேன். அளவெட்டிப் பேச்சைப் பெரியப்பா சாகும் வரைக்கும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த வருடங்களைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அதற்குத் தெம்பில்லை.

இப்போதும் பிள்ளைகள் வருகிறார்கள். படம் வரைந்து களைத்து ஓய்ந்த கிழவிக்கு இன்னும் நாலு கந்தோரில் ஆள் தெரியும் என்று ஊருக்குத் தெரியும். நான் எல்லோருக்கும் ஒன்றையே சொல்கிறேன்: ஆளைப் பிடிக்காதே, நேரே போ, நீ செய்ததைக் கையில் கொண்டு போ, கேட்க வந்ததை முதல் வசனத்தில் கேள். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. போன கிழமையும் ஒரு பிள்ளை தகப்பனோடு வந்தாள். போனிலேயே எத்தனையோ இடத்துக்கு எழுதினாளாம். ஒருத்தரும் பதில் போடவில்லையாம். இந்தக் காலத்துப் பாப்பத்துக்கு வாய்கூடக் கிடையாது. தகப்பன் மேசையில் ஒரு பையை வைத்தார். உள்ளே ஒரு சீப்பு இதரை.

அந்த மனிசன் மழையைப் பற்றிக் கதைத்தார். வெங்காய விலையைப் பற்றிக் கதைத்தார். என் முழங்காலை விசாரித்தார். மகள் பொறுக்க மாட்டாமல் அவருடைய முழங்கையை இடித்தாள். எனக்கும் மத்தியானச் சோறு ஆறிக்கொண்டிருந்தது. "என்ன விஷயம், சொல்லுங்கோ" என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். நான் முடிக்கவில்லை. அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கனநேரத்துக்குப் பிறகு அவர் சால்வையைச் சரிசெய்து, தொண்டையைச் செருமி, "என்ரை பிள்ளை கெட்டிக்காரி அம்மா. கொஞ்ச நாளைக்கு எங்கையாவது வேலை பழக ஒரு வழி செய்து தாருங்கோ" என்றார். முழுவதையும் சொல்லி முடித்தார்.

"ஓம் தம்பி, செய்வம்" என்றேன். எழும்பிப் பழத்தை எடுத்து என் தட்டில் வைத்தேன். வெறும் பையை மடித்து அவர் கையில் கொடுத்தேன்.