மாமா செல்லில் தேடிய ஐந்தருவி

செல்போன் காட்டிய பதில் சரியா தப்பா என்று எங்கள் வீட்டில் ஒருமுறை அரை நாள் சண்டை நடந்தது. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. சவூதியில் வேலை பார்த்த மாமா, உம்மாவின் தம்பி, லீவில் வந்திருந்தார். அவர் திரும்பிப் போவதற்குள் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பாக்கி. சீசனுக்கு வந்ததும் உன்னைத் தோளில் வைத்து ஐந்தருவியில் குளிக்கப் போகிறேன் என்று வாராவாரம் போனில் சொன்ன மனிதர், வந்த பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் விடுவேனா? சனிக்கிழமையே துண்டையும் மாற்றுப் பாவாடையையும் பையில் திணித்து வைத்துவிட்டேன்.

காலையில் மாமா தன் புதுச் செல்லைத் தட்டினார். "இங்கன பாருங்க, ஐந்தருவியில வெள்ளமாம். குளிக்க விடல" என்று நீட்டினார்.

வாப்பாவுக்கு அந்தச் செல்லைக் கண்டாலே ஆகாது. தென்காசிக்காரன் அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று செல்லிடமா கேட்பான்? குற்றாலம் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களின் தலையைப் பார்ப்பான். வாப்பா உடனே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எல்லார் தலையும் ஈரம். ஜன்னல் கம்பியில் எல்லாம் துண்டு காய்கிறது.

"அது மெயினருவியில நனைஞ்ச தலையா இருக்கும் மச்சான். ஐந்தருவி வேற" என்றார் மாமா. தலையில் அருவியின் பெயரா எழுதியிருக்கிறது?

காலேஜில் படித்த அக்கா செல்லைப் பிடுங்கிக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். ஒரு லாட்ஜ் விளம்பரம், பிறகு பரோட்டா செய்வது எப்படி, பிறகு யாரோ அருவி முன்னால் நிற்கும் படம். முதலில் வந்த வெள்ளச் செய்தியோ போன கார்த்திகையில் வந்தது.

"பழசுன்னா அத ஏன் முதல்ல காட்டுது? நல்லதத்தான் மேல வைக்கும்" என்றார் மாமா, விடாமல்.

பாவூர்சத்திரம் சந்தையில் தக்காளி வியாபாரம் செய்த வாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கூடையிலயும் மேல நல்ல பழம்தான் இருக்கும். அடியில கையவிட்டுப் பாரும்" என்றார்.

உம்மாதான் முடித்து வைத்தாள். "வெள்ளம்னு ஒரு பேச்சு வந்துட்டுல்லா, பிள்ளையக் கூட்டிட்டுப் போவ வேண்டாம்." அவ்வளவுதான். நான் பையைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதேன்.

தூக்கச் சொல்லி மாமாவிடம் கையை நீட்டினேன். "நீ கனத்துட்டட்டி" என்று தூக்காமல் பக்கத்தில் உட்கார வைத்து, செல்லைக் கையில் கொடுத்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கும் திமிர் எனக்கு அப்போது புதிது. மேலே தேடும் கட்டத்துக்குள் இருந்ததைச் சத்தமாகப் படித்தேன்: "ஐந்தருவி குளிக்கத் தடை". மாமா "கெட்டிக்காரி" என்று சொல்லி, செல்லை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஐந்தருவியிலிருந்தே ஈரத்தலையோடு வந்து இறங்கினார்கள். வாப்பா அதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிக் காட்டினார். மாமா சவூதிக்குப் போய்ப் போன் செய்தபோதெல்லாம் நான் பேச மாட்டேன் என்று ஓடினேன்.

மாமா ஒரேயடியாக ஊர் திரும்பியபோது நான் பத்தாம் வகுப்பு. ஒரு மத்தியானம் கரண்டு போய், புழுக்கம் தாங்காமல் சட்டையைக் கழற்றினார். நெஞ்சுக்கு நடுவே மேலிருந்து கீழாக நீளமாக ஒரு தையல் தழும்பு. அந்த லீவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் சவூதியிலேயே ஆபரேஷன் நடந்திருக்கிறது. உம்மா அவர் முதுகில் அடித்து அடித்து அழுதாள். "ஒத்த வார்த்த சொன்னியாலே, பாவி!"

"சொல்லியிருந்தா என்னயத் திரும்பப் போவ விட்டிருப்பியளா?" என்றார் மாமா.

அவர் அந்த லீவு முழுக்கச் சட்டையைக் கழற்றாமல் இருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அருவியில் சட்டையோடு எந்த ஆம்பளை குளிப்பான்?

அன்று அரை நாள் எல்லோரும் பதிலை வைத்துக்கொண்டு சண்டை போட்டோம். அந்தச் செல் பாவம், மாமா கேட்டதைத்தான் கொடுத்தது. அவர் கேட்டதை வீட்டிலேயே படித்தவள் நான் ஒருத்திதான். ஒரு எழுத்து பிசகாமல் படித்தேன். தண்ணீர் வருகிறதா என்று கேட்காமல் ஏன் தடை என்று போட்டுக் கேட்டார் என்று மட்டும் யோசிக்கத் தெரியவில்லை.