காது வாத்தியாரின் கிளி

தெருவே கேலியாகக் ‘காது வாத்தியார்’ என்று அழைத்ததை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். பல்ப் விற்றுப் பார்த்தவர், தொந்தியைக் கரைக்கும் பெல்ட் விற்றுப் பார்த்தவர், கடைசியில் மாடியறையில் நாலு கம்ப்யூட்டரைப் போட்டு, படிக்கத் திணறும் பிள்ளைகளுக்குக் காதைத் தீட்டித் தருகிறேன் என்று கிளம்பிவிட்டார். வாய் கிழியப் பேசுவார். பெற்றோர்கள் பாவம், பிள்ளை படித்தால் போதுமென்று தலையாட்டினார்கள்.

பயிற்சி இதுதான். ஹெட்போனில் ஒரு சொல் ஒலிக்கும். திரையில் இரண்டு படங்கள் இருக்கும். சரியான படத்தை அழுத்தினால் ஒரு முயல் குதிக்கும். தப்பென்றால் உர்ரென்று உட்கார்ந்திருக்கும். ஒலியில் வித்தியாசம் பிடிபட்டால் எழுத்தும் மெல்லப் பிடிபடும் என்பது கணக்கு. கணக்கில் குற்றமில்லை. சொற்களைப் பதிவு செய்ய ஆள் வைக்காமல் இவரே மைக்கைப் பிடித்தாரே, அங்கேதான் வந்தது வினை.

முதல் மாணவி அவருடைய மகள். எழுத்துகளோடு மல்லுக்கட்டும் பிள்ளை. இந்த வருடமும் வாசிக்க வராவிட்டால் அதே வகுப்பில்தான் உட்கார வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். திரையில் ஒரு பக்கம் கிளி, இன்னொரு பக்கம் காகிதத்தைக் கிழிக்கும் கை. அவள் எதை அழுத்தினாலும் பாதி நேரம் முயல் முறைத்தது.

“அப்பா, ரெண்டும் ஒரே மாதிரி கேக்குது.”

“உனக்குக் காது மந்தம். இன்னும் உளைக்கணும்,” என்றார்.

மந்தம் மந்தம் என்று கேட்டுக் கேட்டு அந்தப் பெண் தன் காதையே நம்பாமல் போனாள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால்கூட, “என்னம்மா சொன்னே?” என்று இன்னொரு தடவை கேட்டுவிட்டுத்தான் எழுந்தாள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் விறுவிறுவென்று மாடியேறி, ஹெட்போனைப் பிடுங்கித் தன் காதில் மாட்டிக் கேட்டாள்.

“என்னங்க, ரெண்டுக்கும் கிளின்னுதானே சொல்லி வச்சிருக்கீங்க?”

“நல்லாக் கேளு. ஒண்ணு கிளி. இன்னொண்ணு கிளி,” என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிதானமாக.

பிறந்ததிலிருந்து அந்த ‘ழ’ அவர் வாயில் நுழைந்ததே இல்லை. தன் குரலிலேயே சொக்கிக் கிடந்த மனிதருக்கு அது தெரிந்ததுமில்லை. மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, மகளின் முதுகுக்குப் பின்னால் நின்று, “கிழி” என்றாள். பெண் சட்டென்று காகிதத்தைத் தொட்டாள். “கிளி” என்றாள். கிளியைத் தொட்டாள். மாற்றி மாற்றிச் சொல்லியும் ஒருமுறைகூடத் தப்பவில்லை.

முயலுக்குப் பதிலாக வாத்தியார் குதித்தார். “பாத்தியா! பளகப் பளக வந்திருச்சு!”

மகள் அம்மாவின் கையிலிருந்த ஹெட்போனை வாங்கி அவர் காதில் மாட்டினாள்.

“நீங்க கேளுங்கப்பா. எனக்கு நல்லாத்தான் கேக்குது.”