அருவியைப் பெயர்த்துக் கொண்டுபோன கதை

ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய புரோகிராமை ஒரே கோப்பாகப் பொதிந்து, "க்ளிக் பண்ணினால் போதும்" என்று வாக்குக் கொடுக்கிற நிமிஷத்தில் நம் தூக்கம் போய்விடுகிறது, சகபாவிகளே.

பெங்களூர் வேலையை விட்டுக் கோட்டாறு திரும்பிய எனக்கு முதல் வாடிக்கையாளர் செல்லத்துரை அண்ணாச்சி. கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் கொள்முதல் செய்பவர். பாலின் எடையையும் செறிவையும் போட்டால், அதில் ரப்பர் எவ்வளவு என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். அங்கே நெட் கிடையாது. இது ஓடினால் ஊரில் இருக்கலாம், இல்லாவிட்டால் மறுபடி பெங்களூர் என்று வாப்பா சொல்லிவிட்டார்.

பருமன்

ஒரு பெருக்கல் கணக்குக்கு இவ்வளவு பெரிய கோப்பா என்று அண்ணாச்சி திகைத்தார். தனியாக எதையும் நிறுவ வேண்டாம், ஓட்டுகிற எஞ்சினும் உள்ளேயே இருக்கிறது என்று பெருமையாக விளக்கினேன்.

"குளிக்கணும்னு சொன்னதுக்குத் திற்பரப்பு அருவியையே பேத்துக் கொண்டாந்துட்டியே மக்கா!"

நீலத் திரை

க்ளிக் செய்ததும் நீலத் திரையில் அந்தப் பாழாய்ப்போன எச்சரிக்கை வந்தது: வெளியிட்டவர் யாரென்று தெரியாது, ஆபத்தாக இருக்கலாம். உங்களுக்கும் பழக்கமானதுதானே! எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அண்ணாச்சிக்கோ கம்ப்யூட்டர்மேல் கோபம்.

"துணிக்கடை அமீதுக்க மொவள கோட்டாறுல தெரியாத ஆளு உண்டா? இந்தப் பெட்டிக்கு எந்த ஊரு?"

கல்யாண வீடியோ

கொள்முதலின் முதல் நாள், எச்சரிக்கையை எப்படியோ தாண்டியாயிற்று. ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் கேன்களோடு வரிசையில் நின்றார்கள். வெயில் ஏறினால் பால் திரைந்துவிடும். க்ளிக் செய்தேன். ஜன்னல் ஒன்று எட்டிப் பார்த்து மறைந்தது. மறுபடியும் அப்படியே. என் லேப்டாப்பில் அருமையாக ஓடியதுதான்!

தேடிப் பார்த்தால், டிஸ்க்கில் இடமே இல்லை. என் கோப்பு ஓடுவதற்குமுன் தன்னை எங்காவது பிரித்து வைக்க வேண்டும். இடத்தை எல்லாம் அடைத்திருந்தது அண்ணாச்சி மகளின் கல்யாண வீடியோ. பத்திரமாக இருக்கட்டும் என்று நான்கு பிரதிகள், நான்கும் அதே டிஸ்க்கில்! ஒன்று போதுமே என்று கெஞ்சினேன். எது தெளிவு என்று பார்த்துத்தான் அழிப்பேன் என்று அவர் ஒவ்வொன்றாக ஓடவிட்டார். வரிசையில் முதலில் நின்ற கனகம் அக்காவுக்குப் பொறுமை போயிற்று.

"பொண்ணு நாலுலயும் அழகாத்தான் இருக்கா அண்ணாச்சி, எனக்க பாலு கெட்டுப் போவும்லா!"

மூன்று பிரதிகள் போயின. க்ளிக் செய்தேன். திறந்தது! கனகம் அக்காவின் பாலுக்குக் கணக்கு வந்தது. அண்ணாச்சி கையால் போட்டுப் பார்த்தார், சரியாக இருந்தது. வெட்கமில்லாமல் கைதட்டிக் குதித்தேன். அண்ணாச்சி டீ சொல்லி அனுப்பினார்.

"எனக்க தம்பி திற்பரப்புல ரப்பர் கடை வச்சிருக்கான், அவனுக்கும் ஒண்ணு செஞ்சு குடு மக்கா. வாப்பாட்ட நான் பேசுதேன், நீ ஒரு எடத்துக்கும் போவாண்டாம்."

எதையும் யாரையும் சாராத புரோகிராம் என்றுதான் இன்றும் விற்கிறேன். அது ஓடுவதற்கு ஒரு மணப்பெண் வழிவிட வேண்டியிருந்ததை மட்டும் வெளியே சொல்வதில்லை.